ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடும் இணையம்: மாநில அரசுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைத்தொடர்பு மத்திய அரசின் அதிகாரம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியல், 31-ஆவது இனம். உரிமம், அலைக்கற்றை எல்லாமே டெல்லியின் முடிவு. இதைச் சொல்லியே, கிராமத்துக்கு நல்ல இணையம் வராததில் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று மாநில அரசுகள் நழுவிக்கொள்வது உண்டு.

ஆனால் இணையத்தைக் கொண்டுவரும் ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) மாநில நெடுஞ்சாலையின் ஓரத்தில் புதைந்து, மின்வாரியக் கம்பத்தில் ஏறி, ஊராட்சித் தெருவைக் கடந்துதான் வீட்டுக்கு வருகிறது. நிலம், சாலை, கம்பம், உள்ளாட்சி நான்கும் பெரும்பாலும் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன. மாநிலம் நினைத்தால் வேலை மாதங்களில் முடியும். தவறு செய்தால் ஆண்டுகள் ஓடிவிடும். இரண்டுக்குமே நம் நாட்டில் உதாரணம் இருக்கிறது.

எதை எண்ணுகிறோம் என்பதில் வரும் தவறு

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்பேன். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசிய ஃபைபர் திட்டம், பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறியது. சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளை இணைப்பதே நோக்கம். 2025 ஜனவரி நிலவரப்படி ஏறத்தாழ 2.14 லட்சம் ஊராட்சிகள் சேவைக்குத் தயார் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. அதே கணக்கில், இந்தத் திட்டத்தின் வழியாக வீடுகளுக்கும் பிற இடங்களுக்கும் கொடுத்த ஃபைபர் இணைப்புகள் சுமார் 12 லட்சம். வகுத்துப் பாருங்கள்: ஓர் ஊராட்சிக்கு ஆறு இணைப்புகூட முழுதாக இல்லை.

ஊருக்கு நடுவே மேல்நிலைத் தொட்டியைக் கட்டிவிட்டு, தெருவுக்குக் குழாய் போடாமல் குடிநீர்த் திட்டம் முடிந்தது என்று கல்வெட்டு வைப்பது போன்ற நிலை இது. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கருவி பொருத்தியாயிற்று, விளக்கு எரிகிறது, கோப்பில் அந்த ஊர் 'முடிந்தது' ஆகிவிடுகிறது. மூன்று தெரு தள்ளி இருக்கும் மாணவி மொட்டை மாடியில் ஏறி நின்று செல்போன் சிக்னல் தேடுவது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

வேகத்தைப் பற்றிய கணக்கிலும் இதே சிக்கல் இருக்கிறது. 2013 முதல் 2023 வரை இந்தியாவில் 512 கேபிபிஎஸ் (நொடிக்கு 512 கிலோபிட்) வேகம் கிடைத்தாலே அதற்குப் பெயர் பிராட்பேண்ட். 2023-இல்தான் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) என்று மாற்றினார்கள். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் வீடியோ வகுப்பில் உட்கார்ந்தால் அந்த 2 எம்பிபிஎஸ் திணறும். நாட்டில் 90 கோடிக்கும் மேற்பட்ட பிராட்பேண்ட் இணைப்புகள் என்று பெருமையாகச் சொல்லப்படும் எண்ணில் மிகப் பெரும்பான்மை மொபைல் இணைப்புகள். 2025 தொடக்கத்தில் கம்பி வழியாக வந்தவை 4 கோடியைச் சற்றே தாண்டியிருந்தன. அதனால் மாநில அரசு தனக்கென்று வேறு அளவுகோல் வைத்துக்கொள்ள வேண்டும்: எத்தனை வீடுகள், எத்தனை பள்ளிகள், எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்கள், உண்மையில் என்ன வேகம், மாதத்தில் எத்தனை நாள் சேவை இல்லை. இந்த ஐந்தையும் ஊர் வாரியாக வெளியிட்டால் போதும், பாதி வேலை தானாக நகரும்.

அனுமதியை வருமானமாகப் பார்ப்பது

கேபிள் பதிக்கச் சாலையைத் தோண்ட அனுமதி வேண்டும். நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி, பொதுப்பணித் துறை, வனத் துறை, ரயில்வே என்று ஆளுக்கொரு விண்ணப்பம், ஆளுக்கொரு கட்டணம். கேபிள் பதிக்க வழி தருவது பற்றி 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த வழியுரிமை விதிகள், நிலத்தடி கேபிளுக்கான நிர்வாகக் கட்டணம் கிலோமீட்டருக்கு 1,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்றன. பல மாநிலங்கள் தங்கள் கொள்கையை இதற்கேற்ப மாற்றவே ஆண்டுகளை எடுத்துக்கொண்டன. மாற்றிய பிறகும் சில உள்ளாட்சிகள் பழைய கட்டணத்தையே கேட்டன. தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் கீழ் வந்த புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன.

உடைத்த சாலையைச் சரிசெய்ய ஆகும் செலவை வாங்குவது நியாயம்தான். அதற்கு மேல் வாடகை, குத்தகை என்று அடுக்குவதில்தான் பிழை இருக்கிறது. நகரத்தில் அந்தக் கட்டணத்தை நிறுவனம் பல ஆயிரம் சந்தாதாரர்களிடம் பிரித்து வாங்கிவிடும். முந்நூறு வீடுள்ள ஊருக்குப் பத்து கிலோமீட்டர் கேபிள் இழுக்க வேண்டும் என்றால், கட்டணத்தைப் பார்த்ததும் அந்த ஊரையே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். துறைக்கு வந்த சில லட்சம் ரூபாய், ஒரு மலையடிவாரக் கிராமத்தின் பத்தாண்டுகளை விலையாக எடுத்துக்கொள்கிறது.

இதோடு ஒட்டியதுதான் தோண்டித் தோண்டி மூடும் பழக்கம். சாலை போட்ட மறுமாதம் குடிநீர்க் குழாய், அதற்கடுத்து மின்கேபிள், பிறகு ஃபைபர். ஜேசிபியின் ஒரு கொத்தில் ஃபைபர் அறுந்து நாள்கணக்கில் இணைப்பு போவதை யாரும் செய்தியாகக்கூட எழுதுவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் கேபிள் வெட்டுகள், 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசே மதிப்பிட்டது. தோண்டுமுன் மற்ற துறைகளுக்குத் தகவல் தரும் செயலி 2023 மார்ச்சில் வந்தது. ஒப்பந்தக்காரர் அதைப் பயன்படுத்தினால்தான் பில் பாஸாகும் என்று மாநிலம் உத்தரவு போட வேண்டும். இல்லாவிட்டால் அது போனில் சும்மா கிடக்கும் இன்னொரு செயலி, அவ்வளவுதான். இன்னொன்று: புதிதாகச் சாலை போடும்போதே ஓரத்தில் காலியாக ஒரு பிளாஸ்டிக் குழாயைப் புதைத்துவிட வேண்டும். சாலைச் செலவோடு ஒப்பிட்டால் அதற்கு ஆவது சொற்பம். பின்னால் யார் வேண்டுமானாலும் தோண்டாமல் கேபிளை உள்ளே செலுத்திக்கொள்ளலாம்.

டெண்டரில் இழந்த ஆண்டுகள்

தமிழ்நாட்டின் பாரத்நெட் கதையை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 12,525 ஊராட்சிகளை இணைக்கத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் 2018-இல் உருவானது. அடுத்து வந்த ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குகின்றன என்று புகார் எழுந்தது. 2020 ஜூனில் அதை ரத்து செய்து மறுபடி கோரும்படி மத்திய அரசு சொன்னது. களப்பணி 2022-இல் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் தொடங்கியது.

இடையில் போன அந்த இரண்டு ஆண்டுகள் எவை? பள்ளிகள் பூட்டிக் கிடந்த கொரோனா ஆண்டுகள். மலைக் கிராமங்களில் பிள்ளைகள் பாறை மேலும் மரத்தின் மேலும் ஏறி உட்கார்ந்து பாடம் கேட்ட காலம். நிபந்தனையை நேர்மையாக எழுதியிருந்தால் அத்தனை ஊரும் அதற்குள் இணைந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். வேலையாவது நடந்துகொண்டிருந்திருக்கும். டெண்டரின் வரைவைப் பொதுவில் வைத்து, நிறுவனங்களின் ஆட்சேபங்களையும் அரசின் பதில்களையும் வெளியிட்டுவிட்டு இறுதி செய்ய இரண்டு மாதம் கூடுதலாக ஆகலாம். அதைச் செய்யாமல் விட்டதற்கு ஆன காலத்தை மேலே பார்த்தோம்.

கம்பமா, குழியா?

ஆந்திரம் மின்கம்பங்களைப் பயன்படுத்தி 20,000 கிலோமீட்டருக்கு மேல் கேபிளைக் குறைந்த செலவில் வேகமாக இழுத்தது. கேரள அரசின் இணையத் திட்டமான கே-ஃபோனும் மின்வாரியக் கம்பங்களை நம்பியதுதான். மின்வாரியத்தையே பங்குதாரராக்கியதால் அனுமதிக்காக அலைய வேண்டியிருக்கவில்லை. நல்ல வழி. ஆனால் எல்லா இடத்துக்கும் இதுவே போதும் என்று நினைப்பதும் தவறு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. கம்பத்தில் தொங்கும் கேபிள் கம்பத்தோடு போய்விடும், தகவல் தொடர்பு மிகவும் தேவைப்படும் அந்த நாளிலேயே. கடலோரத்தில் முதன்மை வழித்தடத்தையாவது மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டும். எங்கு போட்டாலும் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வரும்படி வளையமாகப் போட வேண்டும். பாரத்நெட் தொடக்கத்தில் நேர்கோட்டில் போட்டுப் பட்ட பாடுதான், 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற 1,39,579 கோடி ரூபாய்த் திருத்தத் திட்டத்தில் வளையமாக மாறியிருக்கிறது. பத்தாண்டுப் பராமரிப்பையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் கேபிள் மட்டும் போடுவது எவ்வளவு பெரிய விரயம் என்று அதுவரை பட்டது போதும்.

கருவி இருக்கும் அறையில் மின்சாரம் இருக்கிறதா, பேட்டரி உயிரோடு இருக்கிறதா, அறையின் சாவி யாரிடம்? சின்னக் கேள்விகளாகத் தெரியும். பல ஊர்களில் இணைப்பு செத்துக் கிடப்பது இவற்றால்தான்.

அரசே கடை விரிப்பது

ஃபைபர் போட்டாயிற்று, இனி நாமே வீடு வீடாக விற்போம் என்று அரசு இறங்கும்போது சறுக்கல் தொடங்குகிறது. ஆந்திரத்தில் 2017-இல் இணையம், டிவி, தொலைபேசி மூன்றும் மாதம் 149 ரூபாய்க்கு என்று ஆரம்பித்தார்கள். மக்களுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அந்த விலை நிலைக்கவில்லை. கேரளத்தில் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்று அறிவித்து, 2023 ஜூனில் தொடங்கும்போது முதல் கட்டத்துக்கு வைத்த இலக்கு தொகுதிக்கு 100 வீடு, மொத்தம் 14,000. ஏழை வீட்டுக்கு இலவச இணைப்பு தருவது சரியான கொள்கை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாதாமாதம் அந்தச் செலவை எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

வீட்டு வாசல் வரை கொண்டுபோக ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்: ஊர்க் கேபிள்காரர்கள். எந்தத் தெருவில் எந்த வீடு, யார் எப்போது பணம் கட்டுவார், மழையில் எந்த இடத்தில் கேபிள் அறும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கேரளத்தில் கேபிள்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்தும் கேரளா விஷன், அந்த மாநிலத்தின் முன்னணி இணையச் சேவைகளில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. முதன்மை வழித்தடத்தை அரசு போட்டு, எல்லோருக்கும் ஒரே வாடகையில் திறந்துவிட்டால், தெருவுக்குள் கொண்டுபோவதை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேண்டியவருக்கு மட்டும் பகுதியைப் பிரித்துக் கொடுத்தால் கெட்டுவிடும்.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் துண்டிப்பது

ராஜஸ்தானில் 2021 செப்டம்பரில் ஆசிரியர் தகுதித் தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுக்கப் பல மாவட்டங்களில் மொபைல் இணையத்தையே நிறுத்தினார்கள். தேர்வு எழுதாத லட்சக்கணக்கானவர்களின் வியாபாரமும் வங்கிப் பரிமாற்றமும் சேர்ந்தே நின்றன. இணையத்தின் வழியே பேசுவதற்கும் தொழில் செய்வதற்கும் அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு, முடக்கும் உத்தரவை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. உள்துறைச் செயலரின் ஒரு கையெழுத்தில் நின்றுபோகக்கூடிய சேவையை நம்பி எந்த நிறுவனம் சிறு நகரத்தில் அலுவலகம் திறக்கும்? எந்தக் கடைக்காரர் கல்லாவை முழுதாக அதில் வைப்பார்?

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லலாம்: நம் ஊராட்சியின் ஃபைபர் இணைப்பு இப்போது வேலை செய்கிறதா, போன மாதம் எத்தனை நாள் செய்யவில்லை, அதிலிருந்து எத்தனை வீடுகளுக்கு இணைப்பு போயிருக்கிறது.