செஃப் கிளஸ்டர் அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஃப் (Ceph) என்பது பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே ஸ்டோரேஜாக இணைக்கும் மென்பொருள். அந்தக் கிளஸ்டரில் டேட்டா போய்விட்டது என்று யாராவது பதறிக்கொண்டு வந்தால் முதலில் மூன்று கேள்விகளைக் கேட்பேன். எத்தனை சர்வர் வைத்திருக்கிறீர்கள், பூல் என்ற டேட்டா தொகுதியின் சைஸும் (எத்தனை பிரதி) மின் சைஸும் (குறைந்தது எத்தனை பிரதி இருந்தால் எழுத விடும்) என்ன, டிஸ்க் எத்தனை சதவீதம் நிரம்பியிருந்தது? டிஸ்க் எப்படிச் செத்தது, எந்தக் கம்பெனி டிஸ்க் என்பதெல்லாம் அப்புறம். ஏனென்றால் டிஸ்க் சாவது செஃபுக்கு அன்றாட விஷயம், அதை எதிர்பார்த்தே ஸேஜ் வைல் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வாக இதை வடிவமைத்தார், செர்ன் போன்ற இடங்களில் பல வருடங்களாக இது ஓடிக்கொண்டிருப்பதும் அதனால்தான். ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்த பிரதிகளை மற்ற டிஸ்க்குகளில் தானே திரும்ப உருவாக்கிக்கொள்ளும். ஆனால் அப்படிச் செய்ய அதற்குக் காலி இடம் வேண்டும், வேறொரு சர்வர் வேண்டும், கொஞ்சம் நேரம் வேண்டும். நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றில் ஒன்றைப் பறித்துவிடுபவை, அதுவும் முதல் நாளிலேயே.

இடத்திலிருந்து ஆரம்பிப்போம், இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். செஃபில் மூன்று எல்லைகள் இருக்கின்றன. ஒரு ஓஎஸ்டி, அதாவது செஃபின் கையில் இருக்கும் ஒரு டிஸ்க், 85% நிரம்பினால் எச்சரிக்கை வரும், 90% ஆனால் ரிகவரிக்காகக் கூட அந்த ஓஎஸ்டிக்குள் டேட்டா போகாது, 95% ஆனால் எழுதுவதே நின்றுவிடும். சராசரி 95 ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள், ஒரே ஒரு ஓஎஸ்டி அந்த அளவைத் தொட்டாலே போதும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு சர்வர், எல்லாம் ஒரே அளவு, மூன்று பிரதிகள், 70% நிரம்பியிருக்கிறது. டேஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருக்கும், இன்னும் 30% இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஒரு சர்வரின் மதர்போர்டு போகிறது. அதிலிருந்த டேட்டா முழுக்க மீதி மூன்று சர்வர்களில் போய் உட்கார வேண்டும், அப்படியானால் ஒவ்வொன்றும் 93% ஆக வேண்டும். 90 தாண்டியதும் ரிகவரி பாதியில் நின்றுவிடும், இதற்கிடையே பயனர்கள் எழுதிக்கொண்டே இருப்பார்கள், சராசரியை விடக் கொஞ்சம் கூடுதலாக நிரம்பியிருந்த ஏதோ ஒரு ஓஎஸ்டி 95 ஐத் தொடும், மொத்த கிளஸ்டரும் எழுதுவதை நிறுத்திவிடும். ஒரு மதர்போர்டு போனதற்கு இவ்வளவு.

நான்கு சர்வர் கிளஸ்டரில் ஒன்று போனாலும் 85 க்குள் நிற்க வேண்டுமென்றால் இப்போது 63% தான் உச்சவரம்பு. மூன்று பிரதிகள் போக, இந்தக் காலி இடமும் போக, வாங்கிய 100 டெராபைட்டில் 21 தான் கைக்கு வரும். மேனேஜருக்கு இந்த எண்ணைப் பணம் செலவழிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், நீங்களும் 80 வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று இறங்கிவிடுவீர்கள்.

நிரம்பியே விட்டதென்றால் கொஞ்சத்தை டெலிட் செய்து தப்பிக்கலாம் என்று தோன்றும். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் அது அவ்வளவு சுலபமில்லை. ஒரு ஆப்ஜெக்டை அழிக்க வேண்டுமென்றாலும் பக்கெட் இண்டெக்ஸில் (பக்கெட்டில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலில்) எழுத வேண்டும், எழுதுவதோ நின்றுபோயிருக்கிறது. அழித்த பிறகும் ராடோஸ் கேட்வே (செஃபின் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் வாசல்) அதைக் குப்பை வரிசையில் போட்டு, டிஃபால்ட்டாக இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உண்மையில் நீக்கத் தொடங்கும். ஃபுல் ரேஷியோவை 95 இலிருந்து 96, 97 என்று கொஞ்சம் உயர்த்தி மூச்சு விட்டுக்கொண்டு, உடனே புது டிஸ்க் சேர்ப்பதுதான் வழி. 99 க்கு உயர்த்தாதீர்கள். உள்ளே இருக்கும் ராக்ஸ்டிபி என்ற டேட்டாபேஸுக்கே இடமில்லாமல் போய் ஓஎஸ்டி திரும்ப எழும்பவே எழும்பாத நிலை வரும்.

மூன்றே மூன்று சர்வர், மூன்று பிரதிகள் என்று ஆரம்பிப்பவர்களுக்கும் இதே பிரச்சினை வேறு வடிவத்தில் வரும். ஒரு சர்வர் போனால் மூன்றாவது பிரதியை வைக்க நான்காவது சர்வர் இல்லை, ஆகவே அந்த சர்வர் திரும்பி வரும் வரை கிளஸ்டர் இரண்டு பிரதிகளோடு காத்திருக்கும். வேலை நடக்கும், ஆனால் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாது. இரேஷர் கோடிங்கில் (முழுப் பிரதிக்குப் பதில் டேட்டாவைத் துண்டுகளாக்கி, மீட்க உதவும் துண்டுகளையும் சேர்த்து வைக்கும் முறை) 4+2 என்று வைத்து சரியாக ஆறு சர்வர் வாங்குவதும் அப்படித்தான், ஏழாவது இருந்தால்தான் நிம்மதி.

அடுத்தது சைஸ் 2, மின் சைஸ் 1. இடத்தை மிச்சப்படுத்த இப்படி வைப்பவர்களை எத்தனை முறை எச்சரித்தாலும் தீராது, அதனால் என்ன நடக்கும் என்று மெதுவாகச் சொல்கிறேன். ஒரு டேட்டாவின் பிரதி அ என்ற டிஸ்க்கிலும் ஆ என்ற டிஸ்க்கிலும் இருக்கிறது. கெர்னல் அப்டேட்டுக்காக ஆ இருக்கும் சர்வரை ரீபூட் செய்கிறீர்கள். மின் சைஸ் 1 என்பதால் அந்தச் சில நிமிடங்களில் புதிதாக எழுதப்படும் டேட்டாவை அ மட்டும் வாங்கிக்கொள்கிறது, பயனருக்கு எழுதியாகிவிட்டது என்றும் சொல்லிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து அ செத்துவிட்டால்? ஆ திரும்பி வரும், ஆனால் அதனிடம் இருப்பது பழைய டேட்டா. புதியது எங்குமே இல்லை. டிஸ்க்கெல்லாம் ஒரே சமயத்தில் வாங்கியவை, ஒரே பேட்ச், ஒரே வயது, ரிகவரியின்போது எல்லாவற்றின் மேலும் சுமை ஏறும், அதனால் "ஒரே நேரத்தில் இரண்டு போகுமா" என்று யோசிக்க வேண்டாம், போகும். சைஸ் 3, மின் சைஸ் 2. இதில் பேரம் கிடையாது.

அதே போல் ஃபெயிலியர் டொமைன், அதாவது பிரதிகள் எந்த அளவில் பிரிந்திருக்க வேண்டும் என்பது. ஒரே மெஷினில் சோதனை செய்யும்போது எச்சரிக்கை போகவில்லையே என்று பிரதிகளை எங்கெங்கே வைப்பது என்று சொல்லும் கிரஷ் விதியில் ஹோஸ்ட் (சர்வர்) என்பதை ஓஎஸ்டி என்று மாற்றிவிடுவார்கள், இணையத்தில் கிடைக்கும் பாதி வழிகாட்டிகளிலும் அப்படித்தான் இருக்கும். பிறகு அதே பூல் அப்படியே புரொடக்‌ஷனுக்குப் போகும். ஹெல்த் ஓகே என்றுதான் காட்டும், ஆனால் மூன்று பிரதிகளும் ஒரே சர்வரின் மூன்று டிஸ்க்குகளில் இருக்கலாம். பூல் ஒவ்வொன்றும் எந்தக் கிரஷ் விதியில் இருக்கிறது, அந்த விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று லைவ் போகும் முன் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். கிளஸ்டரின் நிலையைக் கண்காணித்துப் பெரும்பான்மையால் முடிவெடுக்கும் மானிட்டர்களுக்கும் இதுவே பொருந்தும்: மூன்று மானிட்டரையும் விர்ச்சுவல் மெஷினாக ஒரே பெட்டியில் ஓடவிட்டால் அது ஒரு மானிட்டர்தான். எண்ணிக்கை 3 அல்லது 5. நான்கு வைத்தால் மூன்றை விட எந்தப் பாதுகாப்பும் கூடாது, பெரும்பான்மைக்கு மூன்று தேவை என்பதால் அதிலும் ஒன்றைத்தான் இழக்க முடியும்.

மானிட்டரைப் பற்றி இன்னொன்று. அதன் டேட்டாபேஸ் பெரும்பாலும் ரூட் பார்ட்டிஷனிலேயே இருக்கும், அங்கேதான் லாக் ஃபைல்களும் குவியும். காலி இடம் 30% க்குக் கீழே போனால் செஃப் எச்சரிக்கும், 5% க்குக் கீழே போனால் மானிட்டர் தானாகவே நின்றுவிடும். கிளஸ்டர் சரியில்லாமல் நீண்ட நாள் கிடந்தால் பழைய மேப்களைத் தூக்கிப்போட முடியாமல் அந்த டேட்டாபேஸும் வீங்கும். ஆகவே மானிட்டருக்கென்று தனி எஸ்எஸ்டி கொடுங்கள். நேரம் ஒத்துப்போவதும் முக்கியம், மானிட்டர்களுக்கிடையே 0.05 விநாடி வித்தியாசம் வந்தாலே முணுமுணுக்கத் தொடங்கும், நேரத்தைச் சரிசெய்யும் குரோனியை முதலில் அமைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ஹார்ட்வேரில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெய்டு கார்டுக்கு மேல் செஃப் வைக்காதீர்கள், டிஸ்க்குகள் நேரடியாகத் தெரிய வேண்டும். எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) டிஸ்க் விலை குறைவு என்று வாங்காதீர்கள், ரிகவரியின்போது தவழும். ஒரு ஓஎஸ்டி டிஃபால்ட்டாக 4 ஜிபி ரேமைக் குறிவைக்கும், அது இலக்குதான், கறாரான வரம்பு அல்ல, எனவே 12 டிஸ்க் சர்வருக்கு 48 ஜிபி போதும் என்று நினைக்க வேண்டாம். லேப்டாப்பில் போடும் சாதாரண எஸ்எஸ்டியை வால் (எழுதும் முன் குறித்துக்கொள்ளும் பதிவேடு), டிபி (மெட்டாடேட்டா) வைக்கப் பயன்படுத்தாதீர்கள். விளம்பரத்தில் சொல்லும் வேகமெல்லாம் கேஷில் எழுதும் வேகம், மின்சாரம் போனாலும் டேட்டாவைக் காக்கும் கெப்பாசிட்டர் அதில் இருக்காது, செஃபோ எழுதியது ஒவ்வொன்றும் உண்மையிலேயே பதிவாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும், அந்த இடத்தில் அந்த எஸ்எஸ்டி படுத்துவிடும். அப்புறம், ஒரே என்விஎம்ஈயில் 12 ஹார்ட்டிஸ்க்குகளின் டிபியையும் வைத்தால், அந்த ஒன்று போகும்போது 12 ஓஎஸ்டியும் கூடவே போகும். இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள்.

நெட்வொர்க்கில் ஆளைச் சுற்றலில் விடுவது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. சர்வர்களில் 9000 வைத்துவிட்டு நடுவில் ஒரு ஸ்விட்ச் போர்ட்டில் 1500 ஆகவே விட்டுவிட்டால், பிங் போகும், எஸ்எஸ்எச் வேலை செய்யும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும், ஆனால் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் காணாமல் போகும். ஓஎஸ்டிகள் ஒன்றையொன்று செத்துவிட்டதாகப் புகார் சொல்லும், கீழே போகும், மேலே வரும், மறுபடி கீழே போகும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 8972 பைட் பிங்கை ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒவ்வொரு சர்வருக்கும் அனுப்பிப் பாருங்கள். பப்ளிக் நெட்வொர்க், கிளஸ்டர் நெட்வொர்க் என்று இரண்டு வைத்திருந்தால் இரண்டிலும் அனுப்புங்கள்.

இனி ஆப்ஜெக்ட் பக்கம். சின்னச் சின்ன ஃபைல்களை இரேஷர் கோடிங் பூலில் கொட்டுவது பலரும் கவனிக்காத நஷ்டம். 8+3 என்று வைத்தால் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் 11 துண்டுகளாகப் போகும். பசிபிக் என்ற செஃப் வெளியீட்டுக்கு முன்பு உருவாக்கிய ஹார்ட்டிஸ்க் ஓஎஸ்டியில் மிகச்சிறிய ஒதுக்கீடு 64 கேபி. அப்படியானால் 4 கேபி தம்ப்நெயில் ஒன்று 704 கேபியைச் சாப்பிடும்! அதையே மூன்று பிரதிகளாக வைத்திருந்தால் 192 கேபி. பசிபிக்கிலிருந்து ஒதுக்கீடு 4 கேபி ஆனது, ஆனால் வெர்ஷனை மட்டும் உயர்த்தினால் பழைய ஓஎஸ்டிகள் மாறாது, ஒவ்வொன்றாக அழித்துத் திரும்ப உருவாக்க வேண்டும். பெரிய ஃபைல்களுக்கு இரேஷர் கோடிங், சின்னவற்றுக்குப் பிரதி என்று இரண்டு ஸ்டோரேஜ் கிளாஸ் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஒரே பக்கெட்டில் கோடிக்கணக்கான ஆப்ஜெக்டுகளைப் போடுவதும் வேண்டாம். இண்டெக்ஸின் ஒரு துண்டான ஷார்டுக்கு ஒரு லட்சம் ஆப்ஜெக்ட் என்பது டிஃபால்ட் கணக்கு, அது தாண்டினால் கேட்வே தானே ஷார்டைக் கூட்டும், ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பக்கெட்டில் எழுதுவது தடைபடும். எவ்வளவு வரும் என்று முன்பே தெரிந்தால் முதலிலேயே ஷார்டை அதிகமாக வைத்துவிடுங்கள். இண்டெக்ஸ் பூலை எஸ்எஸ்டியில்தான் வைக்க வேண்டும், ஹார்ட்டிஸ்க்கில் வைத்தால் லிஸ்ட் எடுப்பதற்குள் அப்ளிகேஷன் டைம்அவுட் ஆகிவிடும். பாதியில் நின்ற மல்டிபார்ட் அப்லோடுகளும், வெர்ஷனிங் போட்ட பக்கெட்டில் அழித்ததாக நினைத்த பழைய வெர்ஷன்களும் சத்தமில்லாமல் இடத்தைத் தின்னும், பக்கெட் உருவாக்கும்போதே லைஃப்சைக்கிள் விதியையும் சேர்த்துப் போடும் பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

பராமரிப்பில் நடப்பவை வேறு ரகம். ஒரு ஓஎஸ்டி கீழே போய் 600 விநாடி ஆனால் செஃப் அதை வெளியேற்றிவிட்டு டேட்டாவை நகர்த்தத் தொடங்கும். அதனால் ரீபூட்டுக்கு முன் நோஅவுட் கொடியைப் போடுகிறோம், சரி. எடுக்க மறந்துவிடுவதுதான் ஆபத்து. அடுத்த வாரம் உண்மையிலேயே ஒரு டிஸ்க் சாகும், நோஅவுட் இருப்பதால் செஃப் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், இரண்டு பிரதிகளோடு நாள்கணக்கில் ஓடும். மஞ்சள் எச்சரிக்கை இருக்கும்தான், ஆனால் அந்த மஞ்சளைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருப்போம். மொத்த கிளஸ்டருக்கும் போடாமல் வேலை நடக்கும் ஹோஸ்டுக்கு மட்டும் போடும் வசதி நாட்டிலஸ் வெளியீட்டிலிருந்தே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். வேகமாக இல்லை என்று, பிரதிகளை முழுதாகப் படித்துச் சரிபார்க்கும் டீப் ஸ்க்ரப்பை நிறுத்தி வைப்பதும் இதே மாதிரிதான், யாரும் படிக்காமல் கிடக்கும் டேட்டாவில் சத்தமில்லாமல் கெட்டுப்போன பிட்டைக் கண்டுபிடிப்பது அதுதான். ராத்திரியில் ஓடும்படி நேரத்தை மாற்றுங்கள், நிறுத்தாதீர்கள்.

சாகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க், செத்த டிஸ்க்கை விட மோசம். ஒருமுறை எழுதி முடிய எல்லாப் பிரதிகளும் பதில் சொல்ல வேண்டும், அதில் ஒரு டிஸ்க் இரண்டு விநாடி எடுத்தால் பயனருக்கும் இரண்டு விநாடி. ஹார்ட்பீட்டுக்கு அது ஒழுங்காகப் பதில் சொல்வதால் செஃப் அதை வெளியே தள்ளாது. மெதுவான ஆப்ஸ் (slow ops, தாமதமான செயல்பாடுகள்) எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஒரே ஓஎஸ்டி எண்ணோடு வந்தால், லேட்டன்சியைப் பார்த்து, டிஸ்க் தன் நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்து, நீங்களே அதை அவுட் செய்துவிடுங்கள். கழற்றும்போது சீரியல் நம்பரைப் பாருங்கள், விளக்கை எரியவைத்துப் பாருங்கள், அவசரத்தில் பக்கத்து டிஸ்க்கை உருவிவிடுவது நடக்கிறது. ஒன்றின் ரிகவரி முழுதாக முடியும் முன் அடுத்ததில் கை வைக்க வேண்டாம். நிறுத்தலாமா, அழிக்கலாமா என்று கேட்டால் பதில் சொல்லும் கட்டளைகள் செஃபிலேயே உள்ளன, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வெர்ஷன் உயர்த்தும்போது ஒரே தாவலில் இரண்டு வெளியீடுகளுக்கு மேல் போக முடியாது, ஹெல்த் ஓகே இல்லாதபோது தொடங்கவே கூடாது. இன்னும் பழைய சேமிப்பு முறையான ஃபைல்ஸ்டோர் ஓஎஸ்டி வைத்திருப்பவர்கள் ரீஃப் வெளியீட்டுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் புதிய முறையான புளூஸ்டோருக்கு மாற்றியாக வேண்டும், ரீஃபில் ஃபைல்ஸ்டோரே கிடையாது.

மூன்று பிரதி இருக்கிறதே, பேக்அப் எதற்கு என்று இன்னும் கேட்கிறார்கள். தவறான ஸ்கிரிப்ட் ஒன்று பக்கெட்டைத் துடைத்தால் மூன்று பிரதியும் ஒன்றாகத்தான் போகும், வேறு ஊர் கிளஸ்டரோடு ஒத்திசைக்கும் மல்டிசைட் வைத்திருந்தால் அந்த ஊரிலும் போகும். முக்கியமான பக்கெட்டுகளுக்கு, அழிக்க முடியாதபடி பூட்டும் ஆப்ஜெக்ட் லாக் போடுங்கள், செஃபுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு இடத்தில் நகல் வையுங்கள், அங்கிருந்து சில ஃபைல்களை அவ்வப்போது இறக்கி, மூலத்தோடு செக்சம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவையும் லைவ் போகும் முன் சோதிக்க ஒரு வாரம் கேட்டு வாங்குங்கள். கிளஸ்டரைப் பாதிக்கு மேல் டம்மி டேட்டாவால் நிரப்பி, பெஞ்ச்மார்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வரின் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். ரிகவரிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, அந்த நேரத்தில் பயனரின் வேகம் எவ்வளவு குறைகிறது, எந்த ஓஎஸ்டி முதலில் 85 ஐத் தொடுகிறது, அலெர்ட் உங்கள் போனுக்கு வந்து சேர்கிறதா என்று எழுதி வையுங்கள். டிஸ்க் ஆர்டர் போடும்போதும், ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது என்று முடிவு செய்யும்போதும் அந்தத் தாள்தான் தேவைப்படும்.