கம்பெனியில் சங்கம் தொடங்குவது எப்படி? கீழிருந்து மேல் வரை ஒரு செய்முறை விளக்கம்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் புதிதாக வேலைக்கு வந்த தம்பிகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, சங்கம் வைக்கணும். எந்தக் கட்சி ஆபீசுக்குப் போகணும்?" போகலாம், ஆனால் அது பிறகு. முதல் வேலை உங்கள் ஷெட்டுக்குள்ளேயே இருக்கிறது. சங்கத்துக்குப் பல மட்டங்கள் உண்டு. எந்த மட்டம் எதற்கு என்று தெரிந்து, கீழிருந்து கட்ட வேண்டும். முதலில் கேட்டில் கொடியை நட்டுவிட்டு அப்புறம் ஆள் தேடிய சங்கங்கள் முதல் சஸ்பென்ஷனிலேயே கலைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

படி 1: பிரிவுக்கு ஒருவர், ஷிஃப்டுக்கு ஒருவர்

ஒரு தாளை எடுத்து உங்கள் ஆலையில் உள்ள பிரிவுகளை எழுதுங்கள். மெஷின் ஷாப், பெயின்ட், பேக்கிங், ஸ்டோர்ஸ், கேன்டீன். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஷிஃப்ட். ஒவ்வொரு கட்டத்திலும் மற்றவர்கள் நம்பிப் பேசுகிற ஒருவர் பெயர் வர வேண்டும். சத்தமாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். லீவு மறுக்கப்பட்டால் ஆட்கள் யாரிடம் போய்ச் சொல்கிறார்களோ, அவர்தான் உங்கள் பிரிவுப் பிரதிநிதி. நைட் ஷிஃப்ட் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கான்ட்ராக்ட் தொழிலாளர்களை விட்டுவிடாதீர்கள். நம் பகுதியில் ஒரே கேட்டுக்குள் நிரந்தரத் தொழிலாளி ஒரு கணக்கு, கான்ட்ராக்ட் தொழிலாளி வேறு கணக்கு. அவர்களுக்குச் சம்பளம் தருகிறவர் வேறு என்பதால், பல கம்பெனிகளின் கான்ட்ராக்ட் தொழிலாளர்களைச் சேர்த்து வட்டார அளவில் ஒரு பொதுச் சங்கமாக அமைப்பதும் வழக்கம். ஆட்டோ ஓட்டுநர்களுக்கு ஸ்டாண்டுதான் கிளை, அங்கே தொங்கும் பெயர்ப் பலகைதான் ஆபீஸ்.

படி 2: முதல் கூட்டமும் மினிட்ஸ் புத்தகமும்

கூட்டம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, பதிவாக வேண்டும். தேதி, இடம், வந்தவர்கள் கையெழுத்து, எடுத்த தீர்மானம், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் எல்லாம் பக்க எண் போட்ட நோட்டில் இருக்கட்டும். உதிரித் தாளில் எழுதாதீர்கள். நாளைக்கு "இவர்கள் நிர்வாகிகளே இல்லை" என்று யாராவது வழக்குப் போட்டால் உங்கள் பக்கம் பேசுவது அந்த நோட்டுதான்.

அதே கூட்டத்தில் சங்க விதிகளை ஏற்க வேண்டும். சங்கத்தின் பெயர், நோக்கம், சந்தா, நிதியை எதற்குச் செலவிடலாம், நிர்வாகிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி நீக்குவது, கணக்கைத் தணிக்கை செய்வது, சங்கத்தைக் கலைப்பது ஆகியவை அதில் இருக்க வேண்டும். நீக்கும் விதியை எழுதக் கூச்சப்படாதீர்கள்.

படி 3: பதிவு

பதிவு ஏன் அவசியம் என்பதற்கு நம்ம பெரம்பூரே சாட்சி. 1918 ஏப்ரல் 27 அன்று பின்னி நிர்வாகத்தின் பக்கிங்காம் கர்னாடிக் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அடித்தளம் போட்டார்கள், பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். 1920இல் தகராறு முற்றியபோது பின்னி நிர்வாகம் வாடியா உள்ளிட்டோர் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. சங்கத்தைக் காக்க அன்று சட்டம் இல்லை. அதற்கான கோரிக்கை வலுத்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறில் இப்படி வழக்குப் போட முடியாதபடி பதிவு பெற்ற சங்கத்துக்கு அது பாதுகாப்பு கொடுத்தது.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அகில இந்திய அளவில் இயங்கும் மத்தியச் சங்கங்களில் பெரும்பாலானவை இதை எதிர்க்கின்றன, நானும் எதிர்க்கிறேன். ஆனாலும் இன்றைக்கு அமலில் உள்ள விதியைத் தெரிந்துகொண்டுதான் இயங்க முடியும்.

குறைந்தது 7 பேர் கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும். மொத்தத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 300 பேர் வேலை செய்தால் 30, 2,000 பேர் என்றால் 100 போதும். 40 பேர் உள்ள சின்ன யூனிட்டிலும் 7க்குக் குறையக் கூடாது. வெளியாட்களை நிர்வாகிகளாகப் போடலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அதுவரைதான். அமைப்புசாராத் தொழிலில் பாதி வரை போகலாம். வக்கீலும் அனுபவசாலியும் பக்கத்தில் இருப்பது நல்லது, ஆனால் செயலாளர் நாற்காலியில் உள்ளே வேலை செய்கிறவர் இருக்கட்டும்.

படி 4: சந்தா

என்னைக் கேட்டால் சங்கத்தின் உயிர் இங்கேதான். சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டாலும், முதல் சில வருடங்கள் கையில் வசூலியுங்கள். சம்பளம் ஏறிய மறுநாள் பிரிவுப் பிரதிநிதி ரசீது புத்தகத்தோடு டீ நேரத்தில் ஒவ்வொருவரிடமும் போக வேண்டும். ரசீதைக் கிழித்துக் கொடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் "போன மாசம் ஓ.டி. கணக்கு தப்பா போட்டிருக்காங்க" என்ற சேதி வரும். ஒருவர் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று மழுப்பினால், அவருக்குச் சங்கத்தின் மேல் ஏதோ வருத்தம் என்று அர்த்தம். அன்றே உட்கார்ந்து பேசுங்கள்.

அடிக்கட்டையில் பெயர், டோக்கன் நம்பர், மாதம், தொகை நான்கும் இருக்க வேண்டும். வசூலான பணத்தை இரண்டு பேர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கில் கட்டுங்கள். அரசியல் நிதி திரட்டினால் அது தனிக் கணக்கு. அதற்குத் தரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

படி 5: உள்ளே யார் எதை முடிவு செய்வது

பொதுக்குழு என்பது எல்லா உறுப்பினரும் கூடும் சபை. விதித் திருத்தம், நிர்வாகிகள் தேர்தல், ஊதிய ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் மூன்றும் இங்கேதான் நடக்க வேண்டும். நிர்வாகக் குழு மாதம் ஒருமுறையாவது கூடி அன்றாட வேலையைப் பார்க்கும். தேர்தலை ரகசிய வாக்கெடுப்பாக நடத்துங்கள். கை தூக்கச் சொன்னால் சூப்பர்வைசருக்குப் பயந்தவர்களும் தலைவருக்குப் பயந்தவர்களும் மனதில் உள்ளபடி தூக்க மாட்டார்கள்.

தொழில் தகராறு விசாரணையில் இருக்கும்போது சில நிர்வாகிகள் "பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்" என அங்கீகாரம் பெறலாம். அவர்களை உரிய அனுமதியின்றி வேலையை விட்டு நீக்க முடியாது. மொத்தத் தொழிலாளரில் 1 சதவீதம், குறைந்தது 5, அதிகபட்சம் 100 பேர். வருடா வருடம் இந்தப் பட்டியலைக் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.

படி 6: மேல் மட்டங்கள்

இப்போது கட்சி ஆபீஸ் கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன மத்தியச் சங்கங்களில் ஏ.ஐ.டி.யூ.சி. 1920இல் தொடங்கியது. ஐ.என்.டி.யூ.சி. 1947, எச்.எம்.எஸ். 1948, பி.எம்.எஸ். 1955, சி.ஐ.டி.யூ. 1970. தி.மு.க. சார்பில் தொழிலாளர் முன்னேற்றச் சங்கப் (தொ.மு.ச.) பேரவை, அ.தி.மு.க. சார்பில் அண்ணா தொழிற்சங்கப் பேரவை. எதிலும் சேராமல் தனியாகவும் இருக்கலாம். இணைவதென்றால் பொதுக்குழுத் தீர்மானமும் இணைப்புக் கட்டணமும் வேண்டும்.

மாவட்டக் குழுவிடம் போக வேண்டியது வக்கீல், பக்கத்து ஆலைகளின் ஆதரவு, கேட் மீட்டிங்குக்குப் பேச்சாளர் இவற்றுக்காக. மாநிலக் குழு குறைந்தபட்சக் கூலி, நலவாரியம் போன்றவற்றை அரசிடம் பேசும். ஒரே தொழிலில் உள்ள சங்கங்கள் சேர்ந்தது சம்மேளனம். வேறு மாவட்டத்து ஆலையில் என்ன சம்பளம் பேசினார்கள் என்ற விவரம் அங்கே கிடைக்கும், பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு நல்ல மதிப்பு. அகில இந்திய மட்டம் சட்டங்களுக்கும் பொது வேலைநிறுத்தங்களுக்கும். உங்கள் கேன்டீன் சாம்பார் பிரச்சினையை டெல்லி தீர்க்காது, அதைத் தீர்ப்பது பிரிவுப் பிரதிநிதி.

படி 7: பேச்சுவார்த்தை

51 சதவீதத் தொழிலாளர் ஆதரவுள்ள சங்கமே தனியாகப் பேசும் சங்கம் என்கிறது புதிய தொகுப்பு. யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதமாவது ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். படி 4இல் சொன்ன ரசீதுக் கட்டைகள் இங்கே கைகொடுக்கும்.

நேரடியாகப் பேசி முடிப்பதை நம் ஆட்கள் இன்றும் 18(1) ஒப்பந்தம் என்பார்கள். அது கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் போடுவது 12(3), அது ஆலையில் உள்ள அத்தனை பேரையும் கட்டுப்படுத்தும். இவை பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்கள். சட்டம் மாறினாலும் பெயர் நிலைத்துவிட்டது. துறைமுகம், ரயில்வே என்றால் மத்திய தொழிலாளர் துறை. மற்ற பெரும்பாலான தனியார் ஆலைகளுக்கு மாநிலத் துறை. மனுவைத் தவறான ஆபீசில் கொடுத்தால் மாதங்கள் வீணாகும்.

வேலைநிறுத்தம் என்றால் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். சமரசப் பேச்சு நடக்கும்போது செய்யக் கூடாது. பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் ஒரே நாளில் பேசிவைத்துத் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் இப்போது அது வேலைநிறுத்தம்தான்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் நகலை எல்லாப் பிரிவிலும் ஒட்டுங்கள். அது எப்போது காலாவதியாகிறது என்பதை மினிட்ஸ் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து, அதற்குச் சில மாதம் முன்பே அடுத்த கோரிக்கைப் பட்டியலுக்காகப் பிரிவுக் கூட்டங்களைத் தொடங்கிவிடுங்கள். நைட் ஷிஃப்டிலிருந்து தொடங்கினால் நல்லது.