நிறம் மாறும் சுவர்ப்பூச்சு: தேர்விலும் வேலையிலும் நேரும் தவறுகள்

வெப்பத்துக்கு ஏற்பத் தானே நிறம் மாறும் பூச்சைக் கட்டடத்துக்குத் தேர்ந்தெடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு, கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றத்தையே வெப்பத் தடுப்பின் அளவாகக் கொள்வதுதான். சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாகவே வருகிறது. வனேடியம் டைஆக்சைடு என்னும் உலோகச் சேர்மம் பூசிய கண்ணாடி, வெப்பம் 68 டிகிரி செல்சியஸை எட்டும்போது அந்தக் கதிர்களைத் தடுக்கத் தொடங்கினாலும், பார்ப்பவருக்கு அதன் மஞ்சள் சாயலில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியாது. பளிச்சென்று நிறம் மாறிக் காட்டும் சாயமோ அகச்சிவப்பில் ஏறக்குறைய மாறாமலே இருந்துவிடக்கூடும். ஆகவே மாதிரிப் பலகையைப் பார்த்து மயங்காமல், நிறம் மாறுவதற்கு முன்னும் பின்னும் அளந்த மொத்தச் சூரியக்கதிர் எதிரொளிப்பு அளவைக் கேட்டு வாங்குவதே முறை.

நிறம் மாறும் வெப்பநிலையைக் காற்றின் வெப்பநிலையோடு குழப்பிக்கொள்வது அடுத்த தவறு. பூச்சு உணர்வது சுவர்ப் பரப்பின் சூட்டை மட்டுமே. வெயில் நேராக விழும் அடர்நிறச் சுவர் சுற்றியுள்ள காற்றைவிட 20 டிகிரிக்கும் மேல் கூடுதலாகச் சுடக்கூடும் என்பதால், 30 டிகிரியில் வெளுக்கும் பூச்சு குளிர்காலப் பகலிலேயே வெளுத்து, உள்ளே வர வேண்டிய இளஞ்சூட்டையும் திருப்பி அனுப்பிவிடும்.

மிகுதியான சேதம் பூசும்போதுதான் நேர்கிறது. பரவலாகக் கிடைக்கும் நிறமாற்றச் சாயங்களில் நிறப்பொருள், மென்மையான அமிலம், குறிப்பிட்ட சூட்டில் உருகும் கரைப்பான் ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைகளுக்குள் அடைக்கப்பட்டுள்ளன. கரைப்பான் உருகியதும் நிறப்பொருளும் அமிலமும் பிரிய, நிறம் மறைகிறது. டிரில்லில் பொருத்திய கலக்கியை வேகமாக ஓட்டினாலோ, இறுகியிருக்கிறதே என்று தின்னர் ஊற்றினாலோ, அந்த உறைகள் உடைந்து சாயம் நிரந்தரமாகச் செயலிழக்கிறது. கையால் நிதானமாகக் கலக்கும் பொறுமை பெயிண்டருக்கு வேண்டும். புதிய சிமென்ட் பூச்சின் காரத்தன்மையும் சாயத்துக்கு ஆகாது. சுவர் நன்கு உலர்ந்து, காரத்தைத் தாங்கும் பிரைமர் அடித்த பிறகே மேற்பூச்சைத் தொட வேண்டும்.

உட்புறத்துக்கென்று தயாரித்ததை வெளிச்சுவரில் அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: புறஊதாக் கதிர் சாயத்தைச் சிதைக்க, மாறும் திறன் படிப்படியாகக் குன்றிவிடும். அப்படி மங்கிய சுவரில் ஓரிடத்தை மட்டும் திருத்திப் பூசினால், சூடேறும்போதெல்லாம் பழையதும் புதியதும் வெவ்வேறாக மாறித் திட்டுத்திட்டாகத் தெரியுமாதலால், அந்தப் பக்கச் சுவர் முழுவதையும் ஒருசேரப் பூசுவதே சரி.