போட்டோ கிளப் பிள்ளையளுக்கு ஒரு இரவு முகாம் வைக்கிறது எப்பிடி (வன்னிப் பள்ளிக்கூடங்களுக்கு ஏத்த மாதிரி)

இரவு தங்கி முகாம் வைக்கப்போறம் எண்டால் எல்லாரும் முதல் கேக்கிறது நட்சத்திரம் எடுக்கலாமோ எண்டுதான். எடுக்கலாம், அதைப் பிறகு சொல்லுறன். ஆனா தங்கிறதின்ர உண்மையான பிரயோசனம் வேற. பின்னேரம் ஒரு இடத்தில எடுத்த படத்தை இரவு எல்லாரும் சேர்ந்து திரையில பாத்து, எங்க பிழைச்சது எண்டு கதைச்சு, விடியப்புறம் திரும்ப அதே இடத்துக்குப் போய் எடுக்கிறது. ஒரு நாள் வகுப்பில இது நடவாது. அதால கீழ சொல்லுற எல்லாம் அந்த இரவு ஒண்டரை மணித்தியாலம் ஒழுங்கா நடக்கிறதுக்காகத்தான். சட்டர், அப்பேச்சர், ஐ.எஸ்.ஓ. எல்லாம் இதில விளங்கப்படுத்தேல்ல, அது எங்கயும் கிடக்கு.

1. நாள் பிடிக்கிறது

லோங் வீக்கென்ட் எண்டாப் போல போயா லீவில வைக்கத்தான் எல்லாருக்கும் மனம் போகும், ரியூசன் இல்லை, சேர்மாருக்கும் சுகம். ஆனா போயா எண்டால் பூரணை, நிலவு வெளிச்சத்தில வானம் வெளிறிப்போய் ஒண்டும் எடுக்கேலாது. அமாவாசைக்கு முன்பின் மூண்டு நாலு நாளுக்குள்ள வாற சனிக்கிழமையைப் பிடியுங்கோ. அமாவாசை கழிஞ்சு மூண்டாம் நாள் எண்டால் பிறை ஒம்பது மணிக்குள்ள இறங்கிப்போடும், பிரச்சினை இல்லை.

ஆகஸ்ட் விடுமுறையில வைக்கிற ஆக்கள் ஆடி அமாவாசை அண்டைக்கே வைக்காதேங்கோ. தகப்பன் இல்லாத பிள்ளையள் விரதம் இருக்கிற நாள், எங்கட பக்கத்து வகுப்புகளில அப்பிடி எத்தினை பிள்ளையள் எண்டு உங்களுக்கே தெரியும். வைகாசியில வற்றாப்பளைப் பொங்கல் வாற கிழமையையும் தொடாதேங்கோ, பஸ்சும் கிடையாது, பிள்ளையளும் வராயினம். ஐப்பசியில இருந்து மார்கழி மட்டும் மாரி, அதை மறந்துவிடுங்கோ. மாசி, பங்குனி நல்லம், ஆனா விடியப்புறம் பனியில லென்ஸ் புகார் பிடிக்கும், துடைக்கத் துணி வேணும். ஆனி, ஆடியில வானம் நல்லம், கச்சான் காத்து மட்டும் ட்ரைபொட்டை ஆட்டும்.

2. இடம்

தங்கிறது பள்ளிக்கூடத்தில, படம் எடுக்கிறது நடந்து போற தூரத்தில ஒரு குளக்கட்டில. இதுதான் என்ர தெரிவு, கடற்கரை இல்லை, காடு இல்லை. குளக்கட்டில தண்ணி இருக்கு, தோணி இருக்கு, வயல் இருக்கு, மாடு வரும், வலை போடுற ஆக்கள் வருவினம், நிண்ட இடத்தில திரும்பினால் வேற படம். சுண்டிக்குளம் பறவைக்கு நல்லம் எண்டு கனபேர் சொல்லுவினம், உண்மைதான், ஆனா பறவைக்குப் பெரிய லென்ஸ் வேணும். கிற் லென்ஸ் (கமராவோட சேந்து வாற சாதாரண லென்ஸ்) வச்சிருக்கிற பெடியன் அங்க போய் வெள்ளைப் புள்ளியைத்தான் எடுத்துக்கொண்டு வருவான்.

இரணைமடு மாதிரி இடத்தில இன்னொரு வசதி இருக்கு. அணைக்கட்டு குளத்துக்கு வடக்குப் பக்கம், அதால கட்டில நிண்டு தண்ணியைப் பாத்தால் தெற்கைப் பாக்கிறீங்கள். பொழுது படுறது வலக்கைப் பக்கம், விடியிறது இடக்கைப் பக்கம். ஒரே இடத்தில நிண்டே பின்னேரமும் காலமையும் ரெண்டு வெளிச்சத்தையும் பிள்ளையள் ஒப்பிட்டுப் பாக்கலாம். உங்கட ஊர்க் குளத்துக்கு இது எப்பிடி எண்டு ஒருக்கா முதலே போய் நிண்டு பாருங்கோ.

சுருக்கமா ஆனா கட்டாயம்: குளக்கட்டில நிக்கிறதுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குச் சொல்லோணும். அதிபரின்ர கடிதம், வலயக் கல்வி அலுவலக அனுமதி, பெற்றோர் கையெழுத்து, கிராம சேவையாளருக்கும் பொலிசுக்கும் ஒரு அறிவித்தல், இது எல்லாத்துக்கும் குறைஞ்சது ஒரு மாசம் முதலே தொடங்குங்கோ. பொம்பிளைப் பிள்ளையள் வந்தால் ரீச்சர்மார் ரெண்டு பேராவது இரவு தங்கோணும், வந்துபோறம் எண்டு சொல்லுறது சரிவராது. ஆமி முகாம், செக்பொயின்ற் பக்கம் கமராவைத் திருப்பக் கூடாது எண்டதையும் முதல் அரை மணித்தியாலத்துக்குள்ள சொல்லிப்போடுங்கோ.

பாதையை விட்டு இறங்கிறது பற்றி: நல்ல கோணம் கிடைக்கும் எண்டு பற்றைக்குள்ள போற பழக்கம் படம் எடுக்கிற ஆக்களிட்ட இருக்கு. வன்னியில அது கூடாது. மிதிவெடி எடுத்து முடியாத இடங்கள் இன்னும் இருக்கு, சிவப்புப் பலகை இல்லாத இடம் எல்லாம் துப்பரவு எண்டு நினைக்கேலாது. கட்டு, றோட்டு, சனம் நடக்கிற பாதை, அவ்வளவுதான். இரும்புச் சாமான் ஏதும் கிடந்தால் தொடாமல் வந்து சேரிட்டச் சொல்லோணும். குளத்தில முதலையும் இருக்கும், இருட்டின பிறகு தண்ணிக் கரைக்கு ஒருத்தரும் போகக் கூடாது. ஆனை வாற ஊர் எண்டால் இரவில கட்டுப் பக்கமே வேண்டாம்.

3. கமரா பங்கு போடுறது

இருபது பிள்ளையளுக்கு அஞ்சு கமரா இருந்தால் காணும். நாலு பேருக்கு ஒண்டு, கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா கை மாறோணும். மற்ற மூண்டு பேரும் சும்மா நிக்காமல் போனில எடுக்கட்டும். போனை நக்கல் அடிக்கிற சேர்மார் இருக்கினம், நான் அந்தக் கட்சி இல்லை. புரோ மோட் (சட்டர், ஐ.எஸ்.ஓ.வை நாங்களே மாத்திற வசதி) இருக்கிற போன் எண்டால் படிக்கிறதுக்கு அதே காணும்.

லென்ஸ் எண்டால் 18–55 மி.மீ. கிற் லென்சும், கிடைச்சால் ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 உம். சூம் லென்ஸ் பெருசா ஒண்டு ஆரும் கொண்டு வந்தால் வாங்கி அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டுங்கோ, அது வந்தால் எல்லாப் பிள்ளையளும் அதுக்குப் பின்னாலதான் போவினம், கிட்டப் போய் எடுக்கப் பழகாயினம்.

4. மெமரி காட்டும் கோப்பும் (இதை ஆறுதலா வாசியுங்கோ)

முகாம் குழம்புறது மழையால இல்லை, சாப்பாட்டால இல்லை, இதாலதான். பின்னேரம் எடுத்து முடிஞ்சு வந்தவுடன எல்லாக் காட்டையும் வாங்கி லப்டொப்பில ஒரே போல்டருக்குள்ள கொப்பி பண்ணுவினம். கனன் கமரா எல்லாம் படத்தின்ர பேருக்கு ஐ.எம்.ஜி. எண்டு தொடங்கி நாலு இலக்கம் போடும், நிக்கோன் எண்டால் டி.எஸ்.சி. ரெண்டு கனனில ஒரே இலக்கம் வந்தால் லப்டொப் "றிப்ளேஸ் பண்ணவோ" எண்டு கேக்கும், அவசரத்தில ஆரோ ஒருத்தர் ஓம் எண்டு அமத்த, ஒரு குழுவின்ர படம் முழுக்க போயிடும். எங்கட கிளப்பிலயும் இது நடந்தது, காட்டை இன்னும் அழிக்காததால தப்பினது.

அதால இப்ப நாங்கள் செய்யிறது இப்பிடி. பிள்ளையள் வந்து இறங்கினவுடன எல்லாக் கமராவையும் மேசையில வரிசையா வச்சு, ஒரு போனின்ர நேரத்தைப் பாத்து எல்லாத்திலயும் நேரமும் திகதியும் ஒண்டாக்கிறது. பழைய கமராவில உள் பற்றரி செத்துக் கிடக்கும், ஒவ்வொரு முறையும் திகதி பழைய வருசத்துக்குப் போகும், அதுகளைப் பெரிய பற்றரி கழட்டாமல் வச்சிருக்கோணும். பிறகு காட்டில முன்னம் இருந்ததைக் கொப்பி எடுத்துப்போட்டு அந்தக் கமராவிலயே போர்மற் பண்ணுறது. அதுக்குப் பிறகு முதல் படம், குழு இலக்கம் எழுதின தாள். கமரா கை மாறேக்கையும் அடுத்த பிள்ளை தன்ர பேர் எழுதின துண்டை ஒருக்கா எடுத்துப்போட்டுத்தான் மற்றப் படம். இரவு திரையில பாக்கேக்க இது ஆற்ற படம் எண்டு சண்டையே வராது.

லப்டொப்பில குழுவுக்கு ஒரு போல்டர், அதுக்குள்ள "பின்னேரம்", "இரவு", "விடிய" எண்டு மூண்டு. கொப்பி பண்ணுறது ஒரே ஆள்தான், வேற ஒருத்தரும் தொடக் கூடாது. காட்டை விடியும் மட்டும் அழிக்கக் கூடாது. பாக்கிறதுக்கு நான் பாஸ்ற்ஸ்ரோன் எண்ட மென்பொருளைத்தான் சொல்லுவன், கல்விக்கு இலவசம், பழைய லப்டொப்பிலயும் ஓடும், நாலு படத்தைப் பக்கத்தில பக்கத்தில வச்சு ஒப்பிடலாம். ஜேபெக்கிலயே எடுக்கட்டும். ரோ (சுருக்காத பெரிய கோப்பு) வேணும் எண்டு அடம் பிடிக்கிற பெரிய பெடியள் இருப்பினம், கொப்பி முடியவே பத்து மணியாகும், வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

5. பின்னேரம்

மூண்டரைக்கு வகுப்பு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகக் கூடாது. அஞ்சே காலுக்குக் கட்டில நிக்கோணும். ஆகஸ்டில ஆறு இருபத்தஞ்சு மட்டில பொழுது படும், எங்கட பக்கம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட எண்டபடியால் அதுக்குப் பிறகு இருபது நிமிசம்தான் நீல வெளிச்சம். கெதியா இருட்டிப்போடும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு இடத்தைத் தெரிஞ்சு அதிலயே நிக்கட்டும், விடியவும் அங்கதான் வரப்போறான்.

வலைக்காரர், வயலுக்குப் போறவை, மாடு சாய்க்கிற அம்மா, ஆரை எடுக்கிறதெண்டாலும் கேட்டுத்தான். சண்டைக்குப் பிறகு எங்கட சனத்தை வந்து வந்து படம் எடுத்துக்கொண்டு போனவை எத்தினை பேர், ஒரு கொப்பி திருப்பிக் குடுத்தது ஆர்? "ஐயா, பள்ளிக்கூடத்தில இருந்து வாறம், ஒரு படம் எடுக்கட்டோ" எண்டு கேக்கப் பழக்கிறதும் பாடம்தான். மாட்டன் எண்டால் சரி ஐயா எண்டு விலகோணும். எடுத்தவைக்கு ஒரு கிழமைக்குள்ள பிரின்ற் போட்டுக் கொண்டுபோய்க் குடுங்கோ, அடுத்த முறை போகேக்க தோணியிலயும் ஏத்துவினம்.

6. திரை நேரம்

சாப்பாடு புட்டும் சம்பலும் அல்லது பாணும் பருப்பும், பெருசா சமைக்க வெளிக்கிட்டால் ரீச்சர்மார் குசினியிலயே நிப்பினம். சாப்பிடேக்க கொப்பி ஓடும். எட்டு மணிக்குத் தொடங்குங்கோ. ஒரு பிள்ளைக்கு மூண்டு படம், அதைத் தெரியிறது பிள்ளைதான், நீங்கள் இல்லை. முதல் எடுத்த பிள்ளை வாய் திறக்கக் கூடாது, மற்றவை என்ன தெரியுது எண்டு சொல்லோணும். "வடிவா இருக்கு" எண்ட சொல்லுக்குத் தடை போடுங்கோ, அது வந்தால் கதை அங்கயே நிக்கும். கண் எங்க போகுது, என்ன இல்லாமல் இருந்தால் நல்லம், வெளிச்சம் எந்தப் பக்கம், இது மூண்டும் காணும். கடைசியில பிள்ளை ஒரு துண்டில எழுதோணும்: விடிய அதே இடத்தில என்னத்தை மாத்தப்போறன். அந்தத் துண்டைப் பொக்கற்றில வச்சுக்கொண்டு படுக்கட்டும்.

7. நட்சத்திரம்

பள்ளிக்கூட மைதானத்திலயே, லைற் எல்லாம் நூத்துப்போட்டு. ரோச்சுக்குச் சிவப்புச் செலோபன் தாள் ரெண்டு மடிப்புச் சுத்துங்கோ, வெள்ளை வெளிச்சம் ஒருக்கா பட்டால் கண் இருட்டுக்குத் திரும்பப் பழக இருபது முப்பது நிமிசம் போயிடும்.

ஆகஸ்டில ஒம்பது மணி மட்டில தெற்கைப் பாத்தால் தேள் வடிவம் வடிவாத் தெரியும், அதின்ர நெஞ்சில சிவப்பா இருக்கிறது கேட்டை. அதுக்குக் கிழக்கால பால்வீதியின்ர தடிச்ச பகுதி. ஓட்டோ போக்கஸ் இருட்டில வேலை செய்யாது. லென்சை மனுவலுக்கு மாத்தி, லைவ் வியூவில (கமராவின்ர பின்திரையில) கேட்டையைப் பத்து மடங்கு பெருப்பிச்சு, புள்ளி ஆகச் சின்னனா வரும் மட்டும் மெல்லத் திருப்பி, பிறகு அந்த வளையத்தில ஒரு துண்டு ரேப் ஒட்டிவிடுங்கோ. ரேப் ஒட்டாட்டில் அடுத்த பிள்ளையின்ர கை பட்டுத் திரும்ப முதலில இருந்து.

கிற் லென்சை 18 இல வச்சு, எஃப் 3.5, ஐ.எஸ்.ஓ. 3200, 15 செக்கன். ஏன் 15 எண்டால், 500 ஐ லென்சின்ர மி.மீ. கணக்கால (குவியத் தூரம்) பிரிக்கிறது, கனன் சின்னச் சென்சருக்கு 1.6 ஆல பெருக்கோணும், 18 எண்டது 28.8 ஆகும், பிரிச்சால் 17 வரும். அதுக்கு மேல விட்டால் நட்சத்திரம் கோடாகும். ரெண்டு செக்கன் ரைமர் போட்டு எடுங்கோ. காத்துக்கு, ட்ரைபொட்டில ஸ்கூல் பாக்கைத் தொங்கவிட்டு அது நிலத்தில முட்டுற மாதிரிக் கட்டுங்கோ, அந்தரத்தில ஆடினால் இன்னும் மோசம்.

8. படுக்கை

நிலத்தில பாய் போட்டு அப்பிடியே படுக்க விடாதேங்கோ. கட்டு விரியன் இரவிலதான் திரியும், நிலத்தில படுக்கிற ஆக்களைத்தான் கூடக் கடிக்கும், கடிச்ச நோவே சிலவேளை தெரியாது. மேசை வாங்கைச் சேத்துப் போட்டு அதுக்கு மேல பாய், அதுக்கு மேல நுளம்பு வலை, விளிம்பைப் பாய்க்குக் கீழ செருகோணும். ரொய்லற்றுக்குப் போறது ரோச்சோட, செருப்போட, ரெண்டு பேரா. கடி எண்டு சந்தேகம் வந்தாலே 1990 க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லை. வெட்டுறது, இறுக்கிக் கட்டுறது ஒண்டும் வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

9. விடிய

அஞ்சு மணிக்குப் பிளேன்ரீ, அஞ்சு இருபதுக்குக் கட்டில. துண்டை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கோ. இதில நீங்கள் ஒண்டும் படிப்பிக்க வேண்டாம், பேசாமல் பின்னால நில்லுங்கோ. ஏழுக்குத் திரும்பி, இடியப்பம் சொதி, பிறகு ஒரு பிள்ளைக்கு ரெண்டே படம்: பின்னேரத்தது ஒண்டு, விடியத்தது ஒண்டு, பக்கத்தில பக்கத்தில.

பிறகு சேத்தது: இதை வாசிச்சுப்போட்டு முகாம் வச்ச ஒரு ரீச்சர் சொன்னவா, சார்ஜர் எல்லாம் சதுரப் பின், வகுப்பறைப் பிளக் எல்லாம் உருண்டை எண்டு. ஓம், பழைய கட்டிடங்களில அப்பிடித்தான். கன்வேட்டர் நாலும், நீளமான வயர் கோட் ரெண்டும் கட்டாயம். கரண்ட் போனால் எண்டு பற்றரி எல்லாம் வீட்டிலயே நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கோ.

இன்னொண்டு: போன் படத்தை வட்ஸ்அப்பில அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரமும் அழிஞ்சுபோகும். டொக்கியுமென்ற் எண்டு அனுப்பினால் அப்பிடியே வரும், கேபிள் அதைவிடத் திறம். ஐபோன் படம் சில லப்டொப்பில திறக்காது, அதுக்கு எடுக்கிறதுக்கு முதலே செற்றிங்ஸ், கமரா, போர்மற்ஸ் போய் மோஸ்ற் கொம்பாற்றிபிள் எண்டதை அமத்திவிடுங்கோ. எடுத்து முடிஞ்ச பிறகு அமத்திப் பிரயோசனம் இல்லை.