ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லையா?

பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. உடனே மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஃபேன் சுற்றினால் கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ் மின்சாரம் தருகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். உயிரோடு இருப்பது கம்ப்யூட்டரா, போனது படம் மட்டுமா என்பதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

படி 1: ஆன் செய்து ஒரு நிமிடம் பொறுத்து, கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) பட்டனை அழுத்துங்கள். அதன் விளக்கு அணைந்து எரிந்தால் பிராசசரும் ரேமும் வேலை செய்கின்றன. பெரும்பாலும் கோளாறு மானிட்டர், கேபிள், கிராபிக்ஸ் கார்டு பக்கம்தான். படி 2 போதும். விளக்கு அசையவே இல்லையென்றால் படி 2-ஐ ஒரு பார்வை பார்த்துவிட்டு படி 3-க்குப் போங்கள். வயர் உள்ள கீபோர்டாக இருப்பது நல்லது.

படி 2: மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று வருகிறதா? அப்படியானால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. அதன் மெனுவில் இன்புட் சரியாக இருக்கிறதா பாருங்கள். விஜிஏ-வில் வைத்துவிட்டு எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியிருப்பார்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் போக வேண்டும், மதர்போர்டில் அல்ல. ஐ5-12400எஃப் போல 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் செருகினால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

படி 3: ரேம். பழைய கம்ப்யூட்டர்களில் என் முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டைப் படுக்க வைத்து, அதன் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கிளிப்பைத் தள்ளினால் ரேம் மேலே எழும்பும். தங்க நிறக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். உப்புத்தாள், பிளேடு பக்கமே போக வேண்டாம். திரும்பப் போடும்போது ரேமின் விளிம்பில் உள்ள வெட்டு ஸ்லாட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் தொடங்குங்கள்.

புதிதாக டிடிஆர்5 ரேம் போட்டவர்கள் அவசரப்படக் கூடாது. முதல் முறை போர்டு அந்த ரேமுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும்.

படி 4: பிளக் கழன்ற நிலையிலேயே, போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். கூட்டல் குறி மேலே. கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பயோஸின் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். தேதி, நேரம் மாறிப்போகும், பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

படி 5: பிராசசர் அருகே 4 அல்லது 8 பின் உள்ள தனி பவர் கேபிள் ஒன்று உண்டு. அது கழன்றிருந்தாலும் ஃபேன் சுற்றும், படம் வராது. புதிதாக அசெம்பிள் செய்தவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி பவர் கேபிள் இருந்தால் அதையும்.

படி 6: இன்னும் வரவில்லையா? புதிய போர்டுகள் பலவற்றில் சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் தொடங்குவது) என்று எழுதிய நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். விளக்கு இல்லாத பழைய போர்டில் சிறிய ஸ்பீக்கர் மாட்டியிருந்தால், பிளக்கைக் கழற்றி எல்லா ரேமையும் எடுத்துவிட்டு, மீண்டும் பிளக்கை மாட்டி ஆன் செய்யுங்கள். பீப் அடித்தால் போர்டும் பிராசசரும் பிழைத்திருக்கின்றன. சத்தமே இல்லையென்றால் சந்தேகம் போர்டு, பிராசசர், எஸ்எம்பிஎஸ் மூன்றின் மேலும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். கடைக்குக் கொண்டுபோனால், வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்த்த பிறகு போர்டைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.