ஹேமாக் கயிற்றில் ஒரு சாண் நூல்

ஏற்காட்டில் ஹேமாக் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தொங்குபடுக்கை) கட்டிப் படுக்கப் போகிறீர்களா? துணிக்கு நாலு விரல் முன்னால், இரண்டு பக்கக் கயிற்றிலும் ஒரு சாண் பருத்தி நூலை இறுக்கி முடிந்து தொங்க விடுங்கள். பழைய வேட்டிக் கரையைக் கிழித்தாலும் போதும். நைலான் வேண்டாம், அது பருத்தி அளவுக்குத் தண்ணீரை உறிஞ்சாது.

மேலே தார்ப்பாய் இருந்தும் முதுகு நனைவதற்குக் காரணம், மரத்தில் வழியும் தண்ணீர் சரிந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டே படுக்கைக்கு வந்துவிடுவதுதான். நூல் அதை வழியிலேயே கீழே இழுத்துச் சொட்ட வைக்கும். முடிச்சு தார்ப்பாய்க்கு அடியில் இருக்கவேண்டும். வெளியே இருந்தால் முடிச்சுக்கும் படுக்கைக்கும் நடுவே கயிற்றில் விழும் மழை உள்ளே வந்துவிடும்.

டென்ட் என்றால் சரிவில் சமதரை தேடி, கல் பொறுக்கி, ஆணி அடிக்கவேண்டும். இதற்கு இரண்டு மரமும் இந்த நூலும் போதும்.

காற்றோடு சாரல் அடித்தால் நூலால் பயனில்லை, தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிருக்கு முதுகுக்கடியில் ஒரு ஃபோம் பாய் தனியாக வேண்டும். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருந்தால் அதில் கட்டாதீர்கள். வேறு மரம் இல்லையென்றால் அங்கே டென்ட்தான்.