பந்தியில் கூட்டம் கூடிவிட்டால்

கல்யாணத்தில் நகர்த்த முடியாதது முகூர்த்தம் ஒன்றுதான். அதுகூட ஒன்றரை மணி நேர இடைவெளி. மழையில் வண்டி நின்று மாப்பிள்ளை தாமதமானால் உடனே சாஸ்திரிகளிடம் சொல்லுங்கள். எதைச் சுருக்கலாம் என்று அவருக்குத் தெரியும். தாலியை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டலாம், வழக்கத்தில் உள்ளதுதான். நிஜமாகவே மானப் பிரச்சினையாக வெடிப்பது சாப்பாடு. 400 பேருக்குச் சொல்லி 500 பேர் வந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில், முடிவெடுக்க ஒரே ஆள் வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் வேண்டாம், அவர்கள் மணமேடையில் இருப்பார்கள். தாய்மாமனோ சித்தப்பாவோ சமையற்கட்டுக்கும் பந்திக்கும் நடுவில் நிற்கட்டும். கையில் கொஞ்சம் ரொக்கமும் வாசலில் ஒரு பைக்கும் போதும்.

அவர் எண்ண வேண்டியது தலைகளை அல்ல, இலைகளை. வாழை இலையை நூறு நூறாகப் பிரித்து வைத்தால், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது தானாகத் தெரியும். மூன்றாவது நூறைப் பிரிக்கும்போதே மண்டபத்துக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். நாற்காலிகள் இன்னும் நிறைந்திருந்தால் அப்போதே மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். நூறு பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி பிடிக்கும். உலை கொதித்துச் சோறு இறங்க முக்கால் மணி நேரமாவது ஆகும். கடைசிப் பந்தியில் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சாம்பார் பற்றாவிட்டால் பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். 40 லிட்டர் சாம்பாரில் 10 லிட்டர் கொதிநீர் வரை சேர்க்கலாம். 400 கிராம் பொட்டுக்கடலை மாவை முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். ஏற்கெனவே வறுத்த கடலை என்பதால் சில நிமிடங்களில் கெட்டிப்படும். புளிக்கரைசல், சாம்பார்ப்பொடி, 100 கிராம் உப்பில் தொடங்கி ருசி பார்த்துச் சேர்த்து, கொதித்ததும் புதிதாகப் பெருங்காயம், கறிவேப்பிலை தாளிக்க வேண்டும். இந்த இரண்டாவது தாளிப்பை விட்டால் நீர்த்துப்போனது முதல் வாயிலேயே தெரியும்.

சோறு வரும்வரை ரவை உப்புமா காப்பாற்றும். 5 கிலோ ரவை 50 பேருக்குத் தாங்கும், கொதிநீர் தயாராக இருந்தால் இருபது நிமிட வேலை. கல்யாணத்தில் உப்புமாவா என்று கூசாதீர்கள். முந்திரியும் நெய்யும் தாராளமாகப் போட்டுச் சூடாகக் கொடுத்தால் பசித்தவர் மறுக்க மாட்டார். பரிமாறுபவர்களிடம் சின்னக் கரண்டியைக் கொடுத்து இரண்டு முறை வரச் சொல்லுங்கள். இலையில் வீணாவது அங்கேயே குறையும்.

காத்திருப்பவர்களுக்கு முதலில் காபி. 10 லிட்டர் பால் நூறு சின்ன டம்ளருக்கு வரும். வயசானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், குழந்தைகளை வரிசைக்கு வெளியே கூப்பிட்டு உட்கார வையுங்கள்; வீட்டு மனுஷர்கள் கடைசி. பந்தி வாசலில் நிற்பவர் “தீர்ந்துபோச்சு” என்ற சொல்லையே எடுக்கக்கூடாது. “அடுத்த பந்திக்கு இப்பத்தான் சுடச்சுட வடிக்கிறாங்க, அதுக்குள்ள ஒரு காபி சாப்பிடுங்க” என்றால் போதும், அது உண்மையும்கூட.

சம்பந்தி வீட்டாருக்கு விஷயம் வேறு வாய் வழியாகப் போவதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். “உங்க சொந்தபந்தத்தோட பாசம் நாங்க போட்ட கணக்கைத் தாண்டிடுச்சு சம்பந்தி, முக்கால் மணி நேரம் கொடுங்க” என்று சிரித்துச் சொன்னால் அவர்களே எழுந்து பரிமாற வந்துவிடுவதும் உண்டு. வந்தால் தடுக்காதீர்கள், கையில் மோர் வாளியைக் கொடுங்கள்.

மாஸ்டரைக் கூட்டத்துக்கு நடுவே திட்டவே கூடாது. அவர் முகம் சுருங்கினால் அடுப்படியே மந்தமாகிவிடும், உங்களுக்கு வேண்டிய அந்த முக்கால் மணி நேரம் ஒன்றரை மணியாகும். கூடுதல் நூறு இலைக்கான கூலியை அவர் கேட்பதற்கு முன்பே, அன்று மாலையே கணக்கில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.